பாரதி ஓராள் நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரதியாரின் வாழ்க்கையை வைத்து ஓராள் நாடகம் ஒன்றை வன்னியில் ஊர் ஊராகப் போட்டு வருகிறேன். எழுதியதும் நடிப்பதும் நானே. போனில், வட்ஸ்அப்பில், நாடகம் முடிந்து கதிரை அடுக்கும் நேரத்தில் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அழைக்க நினைக்கிறவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் போன் எடுத்தால் எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம்.

இது என்ன நாடகம்? எவ்வளவு நேரம் ஓடும்?

ஒரு ஆள், ஒரு தகரப் பெட்டி, ஒரு கதிரை, ஒரு சால்வை. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும். 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் தொடங்கி 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் முடிந்த, 39 வயதுகூட நிறையாத வாழ்க்கை அது. முழுவதையும் நான் சொல்லவில்லை. நாடகத்தின் பெரும்பகுதி 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்த பத்து வருடங்கள். முன்னுக்கு எட்டயபுரமும் காசியும் கொஞ்சம், பின்னுக்குக் கடையமும் சென்னையும் கொஞ்சம்.

எங்கள் ஆட்கள் இல்லையா? ஏன் பாரதி?

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஊரிலும் வரும், அதுவும் பெரும்பாலும் பின்வரிசையில் கை கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரிடமிருந்து. நாவலர் இருக்கிறார், விபுலாநந்தர் இருக்கிறார், சி.வை. தாமோதரம்பிள்ளை இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆள் தனியாக மேடையில் நிற்கும்போது சபை பாதி வேலையைச் செய்ய வேண்டும். பாரதியின் வரிகள் இங்கே எல்லோர் வாயிலும் ஏற்கெனவே கிடக்கின்றன. கிளிநொச்சியில் பாரதிபுரம் என்று ஒரு ஊரே உண்டு. நான் அரை வரி சொன்னால் மீதியைச் சபை முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பு எனக்குக் கிடைத்த இலவச வாத்தியம். அதோடு, எல்லோருக்கும் தெரிந்த மனிதர் என்பதால் எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாம். தெரியாத ஒருவரை எடுத்தால் முதல் அரை மணித்தியாலம் அறிமுகத்திலேயே போய்விடும்.

பாரதிக்கும் ஈழத்துக்கும் ஏதும் தொடர்பு உண்டா?

அவர் இங்கே வந்ததில்லை. ஆனால் புதுச்சேரியில் அவர் மதித்த சாமியார்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சுவாமி. பாரதி தன்னைப் பற்றி எழுதிய பாரதி அறுபத்தாறு என்ற நெடும்பாட்டில் அவரைப் புகழ்ந்து பாட்டு இருக்கிறது. அவரைத் தன்னிடம் கூட்டி வந்தவர் தன் அன்பர் குவளைக் கண்ணன் என்றும் பாரதியே எழுதி வைத்திருக்கிறார். நாடகத்தில் இது ஒரு நிமிடத்துக்குள் வந்து போகும். அதைக் கேட்டதும் சபையில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பதை நான் மேடையிலிருந்தே பார்ப்பேன்.

கூத்துப் பார்த்துப் பழகிய சனம் ஒரே ஆளை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்குமா?

இருக்கும். காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்க்கிற சனம் இது. வற்றாப்பளைப் பக்கம் கோவலன் கூத்தைப் பாட்டோடு சேர்த்து மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கூட்டமாக ஆடினால்தான் பார்ப்பார்கள்" என்பது சனத்தைத் தெரியாதவர்கள் சொல்வது. கோயிலில் புராணபடனம் நடக்கும்போது என்ன நடக்கிறது? ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் பயன் சொல்கிறார், ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கிறது. கதாப்பிரசங்கம் ஓராள் அரங்கு இல்லாமல் வேறென்ன? ஒரு பிரசங்கி கண்ணகியாகவும் பாண்டியனாகவும் மாறி மாறிக் கதைத்தபோது யாரும் "மற்ற நடிகர் எங்கே" என்று கேட்கவில்லை. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பழக்கத்தின் தோளில்தான் ஏறி நிற்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. கூத்தில் சபை எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், கதை காத்திருக்கும். இங்கே நான் ஒருவன்தான், எனக்கு ஓய்வு இல்லை, ஆகவே சபைக்கும் இல்லை. அதனால்தான் ஒன்றேகால் மணித்தியாலத்தைத் தாண்ட விடுவதில்லை.

நீங்கள்தான் பாரதியாக நடிக்கிறீர்களா?

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பாரதி மேடையில் நிற்பது பாதி நேரம்கூட இல்லை. நாடகம் தொடங்குவது விளக்கெண்ணெய்ச் செட்டியாரோடு. புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். வாடகை கேட்க வருவார், பாரதி பாட்டிலோ பேச்சிலோ மூழ்கி இருப்பதைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கேட்காமலே போய்விடுவார். புதுச்சேரியில் பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. எழுதி வைத்திருக்கிற சம்பவம் இது. என் முதல் காட்சியில் செட்டியார் மட்டும்தான் இருக்கிறார். பாரதி உள்ளே இருக்கிறார், நாங்கள் அவரைப் பார்ப்பதில்லை. செட்டியார் அந்தத் தகரப் பெட்டியின் ஓரத்தில் குந்தி, வாடகையை எப்படிக் கேட்பது என்று தனக்குள் ஒத்திகை பார்க்கிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் அவர் எழுந்து போகும்போது, உள்ளே இருக்கிற மனிதர் யார் என்று சபைக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

பிறகு பாரதியின் மனைவி செல்லம்மா வருகிறார், குவளைக் கண்ணன் வருகிறார், எட்டயபுரத்து அரண்மனை ஆள் ஒருவர் வருகிறார், கடலூரில் பாரதியைப் பிடிக்கிற பொலிஸ்காரர் ஒருவர் வருகிறார். இவர்கள் எல்லோரும் பாரதிக்குக் கடன் கொடுத்தவர்கள், அவருக்காகக் காத்திருந்தவர்கள், அவர் பின்னால் ஓடியவர்கள், அவரைத் துரத்தியவர்கள். ஒரு எழுத்தாளனுடைய வாழ்க்கையை அவனே வந்து சபைக்குச் சொன்னால் அது மேடைப்பேச்சாகிவிடும். அவனால் அலைக்கழிந்த ஆட்கள் சொன்னால்தான் வாழ்க்கை தெரியும் என்பது என் எண்ணம். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. "பாரதியைப் பார்க்க வந்தோம், செட்டியாரையா?" என்று ஒரு ஐயா நேரே கேட்டார். கேட்டவர் கடைசிவரை இருந்தார்.

ஆம்பிளை நீங்கள் செல்லம்மாவாக எப்படி? சேலை கட்டுவீர்களா?

இல்லை. கூத்தில் ஆண்கள் பெண்வேடம் கட்டுவது எங்களுக்குப் பழகியதுதான், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பத்து செக்கனில் மாற வேண்டிய இடத்தில் சேலைக்கு நேரமில்லை. குரலை மெல்லியதாக்குவதும் இல்லை, அப்படிச் செய்தால் பின்வரிசைப் பொடியன்கள் சிரிப்பார்கள், அது நியாயமும்தான். பாரதி வரும்போது நிற்பேன். செல்லம்மா வரும்போது தரையில் இருந்து, ஒரு காலை மடக்கி, கையில் சுளகு இருப்பதுபோல அரிசி புடைப்பேன். அது போதும். முன்வரிசைப் பெண்கள் சுளகு பிடிக்கிற விதம் பிழை என்றால் உடனே சொல்வார்கள். சொல்லியிருக்கிறார்கள், திருத்தியும் தந்திருக்கிறார்கள்.

முறுக்கு மீசை, தலைப்பாகை, கறுப்புக் கோட்டு?

மீசை ஒட்டுவதில்லை. தலைப்பாகை ஒரே ஒரு தடவை, காசிக் காட்சியில், அந்தச் சால்வையையே சுற்றிக் கட்டுவேன். 1898இல் தகப்பன் இறந்த பிறகு அத்தை குப்பம்மாள் வீட்டுக்குக் காசிக்குப் போன பொடியன் அங்கேதான் அந்தக் கோலத்துக்கு மாறினான். கட்டி முடித்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். பிறகு அவிழ்த்துவிடுவேன். அவருடைய படங்கள் கிடைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், எல்லாம் கறுப்பு வெள்ளை. குரல் பதிவு ஒன்றுமே இல்லை. ஆகவே "பாரதி மாதிரியே இருக்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால் அவர் ஒரு சினிமா நடிகரை நினைத்துத்தான் சொல்கிறார்.

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

சம்பவங்கள் உண்மை. அதாவது, அருகில் இருந்தவர்கள் எழுதியவை அல்லது சொன்னவை. வசனங்கள் என்னுடையவை. பாரதியே 1910இல் தன் இளமையைச் சுயசரிதை என்று பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். பத்து வயதில் வந்த காதலும், தகப்பன் விருப்பத்துக்காகப் படித்த ஆங்கிலப் படிப்பின் மீது வந்த வெறுப்பும் அதில் இருக்கின்றன. "செலவு தந்தைக்கோர் ஆயிரம் சென்றது, தீதெனக்குப் பல்லாயிரம் சேர்ந்தன" என்கிற வரியை ரியூசன் காசு கட்டுகிற தகப்பன்மார் இருக்கிற சபையில் சொல்லிப் பாருங்கள். அதோடு செல்லம்மாவின் நினைவுகள், புதுச்சேரியில் சிறுமியாக அவர் வீட்டுக்குப் போய்வந்த யதுகிரி அம்மாள் எழுதியது, வ.ரா. எழுதியது. இவை ஒன்றோடொன்று எப்போதும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நான் வீட்டுப் பெண்கள் சொன்னதன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் அடுப்பில் என்ன இருந்தது, எது இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் குருவிக் கதையையே எடுங்கள். கடனாக வாங்கி வந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்துவிட்டு "காக்கை குருவி எங்கள் ஜாதி" என்று பாடினார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதைப் பாரதியின் பக்கம் நின்று சொல்கிறார்கள், கேட்க அழகாக இருக்கும். அந்த அரிசியைக் கடன் வாங்கப் பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தது யார்? என்ன சொல்லிக் கேட்டார்? முந்தின கடன் கொடுக்காமல் இருந்ததா? என் நாடகத்தில் இந்தக் காட்சி முழுவதும் செல்லம்மா அரிசி வாங்கப் போய் வருகிற வழியில்தான் நடக்கிறது. வீட்டுக்குத் திரும்பி முற்றத்தைப் பார்க்கிற கணத்தில் காட்சி முடிகிறது. குருவிகளைக் காட்டுவதில்லை. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற பெண்கள் இருக்கிற ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, காசியிலிருந்து அவர் செல்லம்மாவுக்கு எழுதிய காதல் கடிதம். கவலை வரும்போதெல்லாம் தமிழை நன்றாகப் படி, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறார். 1897இல் கல்யாணம் நடந்தபோது செல்லம்மாவுக்கு ஏழு வயது, அவருக்குப் பதினான்கு. அந்தச் சின்னப் பிள்ளைக்கு வந்த கடிதம் இது என்பதை மட்டும் மேடையில் ஞாபகப்படுத்துகிறேன், மேலே ஒன்றும் சொல்வதில்லை.

யானை மிதித்துத்தானே இறந்தார்? அந்தக் காட்சி உண்டா?

காட்சி உண்டு, ஆனால் யானையால் அவர் இறக்கவில்லை. இது மிகவும் பரவியிருக்கிற பிழை, ஆசிரியர்கள்கூடச் சொல்கிறார்கள். 1921 நடுப்பகுதியில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி விழுத்தியது, குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி எடுத்தார். காயம் ஆறி எழும்பினார். ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசிகசாலைக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசினார். பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது. 11 என்று எழுதுகிறோம், உயிர் போனது நள்ளிரவு தாண்டி என்பதால் 12 என்பவர்களும் சரிதான். சுடலைக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

யானையடி கேட்க நன்றாக இருக்கிறது, வயிற்றோட்டம் நன்றாக இல்லை, அதனால்தான் சனம் முதலாவதை வைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். முகாமில் வயிற்றோட்டத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் இருக்கிற மண்ணில், ஒரு பெரிய கவிஞனும் அதே நோயில் போனான் என்று சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "காலா! உனைநான் சிறு புல்லென மதிக்கிறேன்" என்ற பாட்டை நான் மரணக் காட்சியில் பாடுவதில்லை. அதைக் கருங்கல்பாளையம் காட்சியிலேயே பாடி முடித்துவிடுவேன்.

எந்த இடத்தில் சபை அதிகமாக அசைகிறது?

நான் எதிர்பார்த்த இடங்களில் இல்லை. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது புயல். 1916 கார்த்திகையில் புதுச்சேரியைப் பெரும் புயல் அடித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் பாரதி குடும்பம் இருந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்கு மாறியிருந்தது. அந்த இரவைப் பற்றிக் கணவனும் மனைவியும் கதைப்பதுபோல ஒரு பாட்டு எழுதினார், "காற்றடிக்குது கடல்குமுறுது கண்ணை விழிப்பாய் நாயகனே" என்று தொடங்கும். அதில் மனைவி சொல்வது: "நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்?" எழுதும்போது இதை ஒரு சாதாரண இணைப்புக் காட்சியாகத்தான் வைத்தேன். புதுக்குடியிருப்புப் பக்கம் இந்த வரியைச் சொன்னபோது சபையில் ஒரு சத்தமும் இல்லை, பிறகு ஒரு அம்மா மட்டும் "ஓம்" என்றார். நேற்று இருந்த வீட்டை இன்று விட்டு, நாளைக்கு இன்னொரு இடத்துக்கு என்று போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரைக்கும் நடந்தவர்கள் அவர்கள். அதற்கு முன்னர் 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழை கொட்டியபோது படங்குக்குக் கீழே தண்ணீரில் நின்றவர்கள். நூறு வருடத்துக்கு முந்தின பாட்டு அது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த வரிக்குப் பிறகு நான் அவசரப்படுவதில்லை, நிற்பேன். எவ்வளவு நேரம் நிற்பது என்பது ஊருக்கு ஊர் வேறு.

இரண்டாவது சிரிப்பு. 1920இல் பாரதி தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போட ஒரு திட்டம் போட்டார், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி. தமிழ் வளர்ப்புப் பண்ணை என்று பெயர் வைத்து நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டுச் சுற்றுக்கடிதமும் அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாகவும் விரைவாகவும் தன் புத்தகங்கள் விற்றுப்போகும் என்று அதில் நம்பிக்கையோடு எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் இந்த இடத்தில் ஒரு சோகச் சிரிப்பு வரக்கூடும், ஏனென்றால் காசு வரவில்லை, புத்தகமும் வரவில்லை. இங்கே வெடிச் சிரிப்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது, ஜாம் போத்தல் விளக்கில் எப்படிப் படித்தோம், ஒரு தீக்குச்சியை மிச்சம் பிடிக்க அடுத்த வீட்டு அடுப்பில் நெருப்பு எடுக்கப் போனது எல்லாம் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நேற்றுப்போல. "அண்ணை, அப்ப அவற்ற புத்தகம் எங்களுக்குக் கூப்பனுக்குத்தான் கிடைச்சிருக்கும்" என்று மல்லாவியில் ஒருவர் சத்தமாகச் சொன்னார். அதை நாடகத்தில் சேர்க்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மலையகத்திலிருந்து 1958க்கும் 1977க்கும் பிறகு வந்து குடியேறிய குடும்பங்கள் கூடுதலாக இருக்கிற ஊர்களில், பிஜித் தீவுத் தோட்டங்களில் கஷ்டப்பட்ட பெண்களைப் பற்றிய கரும்புத் தோட்டத்திலே பாட்டையும் சேர்ப்பேன். மற்ற இடங்களில் நேரம் போதாவிட்டால் விடுவேன்.

காந்தியைச் சந்தித்த காட்சி ஏன் இல்லை?

1919இல் சென்னையில் ராஜாஜி இருந்த வீட்டில் நடந்த சந்திப்பு. நல்ல மேடைச் சம்பவம், யார் எழுதினாலும் கைதட்டு வாங்கலாம். அதனால்தான் விட்டேன். என் நாடகத்தில் வருகிற ஆட்களில் ஒருவரும் அந்த அறைக்குள் இருக்கவில்லை.

இதில் அரசியல் இருக்கிறதா?

பத்து வருடம் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்குள் ஒதுங்கி இருந்தவர், 1918 நவம்பரில் வெளியே வந்ததும் கடலூரில் பிடிபட்டு டிசம்பர் நடுவரை சிறையில் இருந்தவர். அரசியல் இல்லாமல் எப்படி? ஆனால் கேட்பவர்கள் கேட்பது அதையல்ல என்பதும் தெரியும். "சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம்" என்ற வரி வருமா என்றுதான் பாதிப் பேர் அறிய விரும்புகிறார்கள். வரும். சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் இறுகும், ஒரு ஊரில் ஒருவர் எழுந்து போனார். அந்த வரியை நான் இழுத்தும் சொல்வதில்லை, விழுங்கியும் சொல்வதில்லை. அவர் எழுதியபடி பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

கோயில் வீதியில் போடலாமா?

போடலாம், திருவிழாக்காலத்தில் சபை தானாகவே வந்துவிடும். ஒரு நிபந்தனை. புதுச்சேரியில் பாரதி கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட சாதி இளைஞருக்குப் பூணூல் போட்டுக் காயத்திரி உபதேசித்த காட்சி நாடகத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் "அதை மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கோ தம்பி, இங்கே பிரச்சினை வரும்" என்று கேட்டார்கள். நான் மறுத்தேன், நிகழ்ச்சி நின்றது. மற்றக் காட்சிகளை நேரத்துக்கு ஏற்பக் குறைப்பேன். இதைக் குறைக்க மாட்டேன்.

பாட்டுகளுக்கு வாத்தியம் உண்டா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

வாத்தியம் இல்லை. தகரப் பெட்டியில் விரலால் தட்டுவேன். அனுமதி தேவையில்லை. பாரதி பாட்டுகளின் உரிமை ஒரு காலத்தில் கை மாறிக் கிடந்தது உண்மை. ஒலிபரப்பு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்கி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஆனால் சினிமாவில் அந்தப் பாட்டுக்குப் போட்ட மெட்டு வேறு விடயம், அது இன்னொருவருடையது. நான் அந்த மெட்டுகளைத் தொடுவதில்லை. "சினிமாவில் வந்த மாதிரிப் பாடுங்கோ" என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊரில் போட என்ன தேவை?

மேடை தேவையில்லை. மண் தரை என்றால் இன்னும் நல்லது, மூன்று பக்கமும் சனம் இருக்கலாம், கூத்துக் களரி பார்த்தவர்களுக்கு அதுதான் வசதி. பன்னிரண்டு அடி சதுரம், பின்னால் ஒரு சுவர் அல்லது கறுப்புப் படங்கு. இரண்டு லயிற்றுகள், ஜெனரேட்டர் என்றால் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அது பாரதியைவிடச் சத்தமாகக் கதைக்கும். இருநூறு பேருக்கு மேல் என்றால்தான் மைக். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை நீங்கள் எடுத்து வைக்க வேண்டும்.

காலம் முக்கியம். காலபோகம் விதைத்து மழை கொட்டுகிற கார்த்திகை, மார்கழியில் அழைக்காதீர்கள். சனமும் வராது, ரோட்டும் விடாது. அறுவடை முடிந்து காசும் கொஞ்சம் கையில் இருக்கிற பங்குனி, சித்திரை நல்லது. எல்லோரும் செப்டம்பர் 11 அன்றும் டிசம்பர் 11 அன்றும்தான் கேட்கிறார்கள். இரண்டு நாளும் நான் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். நாடகத்துக்கு முன் சிறப்புரை, வாழ்த்துரை, ஆசியுரை வேண்டாம். மங்கள விளக்கு ஏற்றுங்கள், உடனே தொடங்கலாம். பிரதம விருந்தினர் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் முடிந்த பிறகு பேசட்டும், யார் இருக்கிறார்களோ அவர்கள் கேட்பார்கள். நடுவில் வந்து பொன்னாடை போர்த்த வேண்டாம். செல்லம்மா அரிசி புடைக்கிற நேரத்தில் ஒருவர் மாலையோடு ஏறி வந்திருக்கிறார்.

எவ்வளவு காசு?

பள்ளிக்கூடத்துக்கும் வாசிகசாலைக்கும் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும். வெளிநாட்டுக் காசில் விழா எடுப்பவர்கள் என்றால் பேசிக்கொள்வோம்.

நாடகமும் அரங்கியலும் படிக்கிற உயர்தர மாணவருக்குப் பிரயோசனமா?

பரீட்சைக் கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைக்காது. ஆனால் ஒரு கதிரை எப்படிச் சிறையாகிறது, ஒரு சால்வை எப்படிக் குழந்தையாகிறது என்று கண்ணால் பார்த்தால் குறியீடு பற்றிப் பத்துப் பக்கக் குறிப்பு பாடமாக்க வேண்டியதில்லை. முடிந்ததும் அரை மணித்தியாலம் இருந்து கதைப்பேன், ஆசிரியர்கள் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் முதல் பாதிக்குப் பிறகு நெளிவார்கள், பரவாயில்லை.

வசனம் மறந்தால் என்ன செய்வீர்கள்?

பெட்டியைத் திறப்பேன். உள்ளே கடுதாசிகள் இருக்கின்றன, பாரதி தேடுகிறார் என்று சபை நினைக்கும். சில நேரம் தேடுவது நான்.

நானும் ஒரு எழுத்தாளரை வைத்து இப்படி எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

பிறப்பில் தொடங்காதீர்கள். பிறந்தார், படித்தார், எழுதினார், இறந்தார் என்று போனால் அது இரங்கலுரை. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: மேடையில் நிற்கிற ஆள் யாரோடு கதைக்கிறார்? சபையோடா, இல்லாத ஒருவரோடா, தன்னோடா? இது தெளிவில்லாமல் எழுதிய பிரதிகளை நிறைய வாசித்திருக்கிறேன், பத்தாவது நிமிடத்தில் நடிகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்க்கத் தொடங்குவார். என் செட்டியார் உள்ளே இருக்கும் பாரதியோடு கதைக்கிறார், செல்லம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, அதாவது முன்வரிசையோடு. பொலிஸ்காரர் மேலதிகாரியோடு. பாரதி மட்டும்தான் யாரோடும் கதைக்காமல் பாடுகிறார்.

அடுத்தது, ஒரு இடத்தையும் கொஞ்சக் காலத்தையும் மட்டும் பிடியுங்கள். பாரதி மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் 1904இல் சில மாதம் படிப்பித்தார், சுதேசமித்திரனில் வேலை பார்த்தார், சூரத் காங்கிரஸுக்குப் போனார், எல்லாமே நல்ல செய்திகள்தான், ஆனால் அவற்றை எல்லாம் ஏற்றினால் வண்டி நகராது. திகதிகளை வாயால் சொல்லவே வேண்டாம். அந்த ஆளைப் பற்றிய புகழ்ச்சி வர வேண்டுமென்றால் அவர் மேல் எரிச்சல் உள்ள ஒருவர் வாயால் வரட்டும். 1951இல் திருச்சி வானொலியில் செல்லம்மா தன் கணவரைப் பற்றிப் பேசும்போது, கவிஞனுக்கு மனைவியாவது கஷ்டமான காரியம் என்ற கருத்தைச் சொல்லித்தான் மற்றதைச் சொல்கிறார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது, நாடகம் முழுவதற்கும் அதையே எடுத்துக்கொண்டேன்.

பிறகு, எழுதியதை ஒரு வீட்டு முற்றத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதில் ஒருவராவது அந்த எழுத்தாளரை வாசிக்காதவராக இருக்க வேண்டும். அவர் எங்கே கொட்டாவி விடுகிறாரோ அங்கே வெட்டுங்கள்.

வீடியோ எடுக்கலாமா? யூரியூப்பில் இருக்கிறதா?

யூரியூப்பில் இல்லை, இப்போதைக்குப் போடும் எண்ணமும் இல்லை. படம் எடுக்கலாம், பிளாஷ் அடிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு அம்மா போனைப் பிடித்துக்கொண்டு இருந்தால் நான் நாடகத்தை நிறுத்தி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நேரலையில் விடுகிறவர்கள் பின்னுக்கு நில்லுங்கள், முன்னால் இருக்கிற ஆச்சிக்கு மறைக்கிறது.